அரளிச் சரத்தில் ஒரு தூண்டில் முள்

போன வாரம் கோயில் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். குடமுழுக்கு மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்தில் அம்மனுக்குப் பூ கட்டிய என் அம்மாவின் படம் ஒன்று வேண்டும், கீழே நான்கு வரி போடுவோம் என்றார். அந்த நான்கு வரியையும் அவர்களே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். எழுத்து எறும்பு அளவு. பெரிதாக்கிப் படித்தேன். 'இறுதி மூச்சுவரை அம்மனுக்கு மலர்த்தொண்டு புரிந்தவர்' என்று தொடங்கியது. நான்கு வரியில் மூன்று பொய். நான்காவது அம்மா பிறந்த ஊரின் பெயர்.

நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அது நான்கு வரியில் அடங்காது என்பதைச் சொல்லவில்லை. அவர்கள் போட்டால் போடட்டும். போடாவிட்டால், ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் வளர்ந்து, இன்னும் மூட்டு வலியோடும் மாத்திரை டப்பாவோடும் நடமாடிக்கொண்டிருக்கும் உங்களுக்காவது இது வந்து சேரட்டும். நானும் அக்காவும் போக எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொருவர். அதில் இருவருக்குத் தங்கள் பிள்ளைகளையே அடையாளம் தெரிவதில்லை. மற்ற ஒன்பது பேருக்கும் அந்த ஆடி வெள்ளி நினைவிருக்கும். ஆனால் ஒன்பது பேரும் அதைத் தப்பாகத்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு ஒரு கருமாதி வீட்டில் நீங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "அந்த வாயாடிப் பொண்ணால பாவம் அந்தம்மா பூ வேலய விட்டுச்சு" என்றீர்கள். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். டீயும் ஆறிப்போயிருந்தது.

எங்கள் வீடு பலகை வீடு, மேலே துத்தநாகத் தகரம். பின்கதவைத் திறந்தால் சேறு, சேற்றுக்கு அப்பால் கடல். இப்போது அந்தக் கடலை ரொப்பிவிட்டார்கள். அம்மா நார் ஊறவைத்த இடத்துக்கு நேர் பின்னே இன்று கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஏற்றத்தில் தண்ணீர் வந்து சமையலறைத் தூணை நக்கும். வற்றினால் நண்டு நடக்கும் சத்தம் கேட்கும்.

அப்பாவுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் வேலை. ஃபெரியில் போய் வருவார். திரும்பும்போது பாகான் டாலாமில் ஒருவர் தோட்டத்திலிருந்து அரளி வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். அம்மா அதைத் தரையில் கொட்டிப் பரப்பி, கால் நீட்டி உட்கார்ந்து, வாழைநாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டுவார். இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, நாரை விரலில் ஒரு வளையம் போட்டு மேலே சாத்தி ஓர் இழுப்பு. அவ்வளவுதான். முடிச்சு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் தெரியாது. கோயிலுக்குக் காலையில் ஒரு மாலை, மாலையில் ஒன்று. அதில் வந்ததுதான் எங்கள் அரிசி.

அக்காவைப் பதினைந்து வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அம்மாவுக்குக் கை உதவி வேண்டும் என்றார்கள். என்னைவிட நான்கு பங்கு கெட்டிக்காரி. அவளை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கவைத்தார்கள். நான் படித்து, அரசாங்கக் கணக்கராகி, ஓய்வு பெற்றும் ஆயிற்று. அவள் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. இதை எங்கள் அப்பா அம்மாவின் தவறு என்றே சொல்கிறேன். அவர்கள் உயிரோடு இருந்தாலும் சொல்வேன்.

மீன்பிடிச் சாமான் விற்கும் சீனர் கடையில் அப்போலோ என்று ஒரு சாமான் தொங்கும். உங்களில் மீன் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஒரே தங்கூசி நைலான் நரம்பில் வரிசையாக ஆறு சின்ன முள். ஒவ்வொரு முள்ளின் கழுத்திலும் கொஞ்சம் இறகு, கொஞ்சம் மினுமினுப்பு. இரை எதுவும் வேண்டாம். அடியில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, ஏற்றி ஏற்றி இறக்கினால், குஞ்சு மீன் கூட்டம் ஓடுகிறது என்று நினைத்துச் செலார் மீன் வந்து கவ்வும். அக்கா அந்தக் கடை வாசலில் நின்று, அதைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் வாங்குகிறாயா என்று மலாயில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெறும் முள் மட்டும் ஒரு பொட்டலம் வாங்கினாள்.

"இது சரம்தானேடா தம்பி. பூவுக்குப் பதிலா முள்ளு. இத எனக்குக் கட்டத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்ததும் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டுச் சீனத்தம்மாவின் வெள்ளைச் சேவல் உதிர்த்த கழுத்து இறகுகளைப் பொறுக்கி வரச் சொன்னாள். சேவல் உதிர்த்ததைவிட நான் பிடுங்கியதுதான் அதிகம். அப்பாவின் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாள். தைக்கும் நூல். தீபாவளிக்கு வாங்கிய நகச்சாயம் அடியில் கால்வாசி மிச்சமிருந்தது. முடிச்சின் மேல் அதை ஒரு சொட்டு வைத்தால் தண்ணீரில் அவிழாது. அது நகத்துக்கு வாங்கியது என்று அம்மா திட்டினார். நகம் தினமும் தண்ணியில கெடக்குது, அதுக்கு எதுக்கு சாயம் என்றாள் அக்கா.

முதலில் வெள்ளை இறகைத்தான் கட்டினாள். செலார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேற்றுக் கடலில் வெள்ளை எடுபடவில்லை. பிறகு பலகாரத்துக்குப் போடும் ரோஸ் சாயப்பொடியைப் புளித்தண்ணீரில் கரைத்து, இறகை அதில் போட்டுக் கொதிக்கவைத்தாள். சாயம் மட்டும் போட்டால் கழுவினால் போய்விடும். புளி சேர்த்தால் இறகு சாயத்தை விடாது. யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று தடவை கெடுத்துக் கண்டுபிடித்தாள். வீடு முழுக்க ரசமும் ஈரக்கோழியும் கலந்த ஒரு நாற்றம். இன்றைக்கும் புளி கொதித்தால் எனக்கு அந்த இறகுதான் நினைவுக்கு வருகிறது. மருமகள் வைக்கும் ரசத்தை நான் ஏன் முகர்ந்து பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

தைக்கும் நூலின் முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, அம்மா மாதிரியே இழுத்துப் பிடித்துக்கொள்வாள். முள்ளின் தண்டில் வெள்ளித்தாளைச் சுற்றி, மேலே ரோஸ் இறகை வைத்து, பூவுக்குப் போடும் அதே இரண்டு வளையம். முள்ளை ஒரு துண்டு வாழை மட்டையில் குத்தி வைப்பாள். வரிசையாக ஆறு ஆனதும் நான் எண்ணுவேன், பிறகுதான் தங்கூசியில் கோப்பாள். எண்ணச் சொல்லவே வேண்டாம். எனக்கு அது வியாதி.

கடலோரக் கல் சுவரில் தூண்டில் போடுபவர்கள் எல்லாரும் ஆண்கள். முதல் நாள் ஒரு லாரிக்கார அண்ணன் அவள் சரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, மீனுக்குக் கல்யாணமா? மாலை கொண்டாந்துட்ட" என்றார். சுவர் முழுக்கச் சிரிப்பு. அக்கா சரத்தில் ஈயக்குண்டைக் கட்டினாள். இறக்கினாள், ஏற்றினாள். நாலாம் ஏற்றத்தில் தங்கூசி நடுங்கிற்று. மேலே வந்தபோது ஆறு முள்ளில் ஐந்தில் செலார். வால் அருகே மஞ்சள், வயிறு வெள்ளி, வெயிலில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு தொங்கின. "கல்யாணம் முடிஞ்சிடுச்சிண்ணே" என்று சொல்லி வாளியில் உதறினாள். அடுத்த வாரம் அந்த லாரிக்கார அண்ணனே, எனக்கும் ரெண்டு கட்டிக் கொடேன் லா என்று வந்து நின்றார்.

அந்த ஆண்டு வரிசை வீடு முழுக்க அக்கா பிடித்த மீனைத்தான் தின்றது. நீங்களும் தின்றீர்கள். வாழையிலையில் சுற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். கோயில் தலைவர் வீட்டுக்கும் போனது. தலைவரம்மா மஞ்சள் தூக்கலாகப் போட்டுப் பொரிப்பார், தெருவே மணக்கும்.

அம்மாவுக்கு இதில் சந்தோஷமா கோபமா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. மீனை ஆய்ந்து குழம்பு வைப்பார். ஆனால் பூவும் முள்ளும் ஒரே தரையில் இருப்பது பிடிக்கவில்லை. அந்த மட்டையைத் தள்ளி வை என்று நாளைக்கு நாலு முறை சொல்வார். அக்காவும் தள்ளி வைப்பாள். பிறகு வெளிச்சம் கதவுப் பக்கம்தான் இருக்கிறது என்று இருவரும் நெருங்கி உட்காருவார்கள்.

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளி. முதல் நாள் வியாழன் சாயங்காலம், மறுநாள் காலை பூசைக்குப் பெரிய மாலை. அரளி மலைபோலக் கிடந்தது. அக்கா அன்று பூவைத் தொடவில்லை. சனிக்கிழமை ஏற்றத்துக்கு இரண்டு புதுச் சரத்துக்கு முள்ளில் இறகு கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாதான் தனியாக மாலையை முடித்தார். முடிந்ததும் நான் மட்டையில் முள்ளை எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டும், பதினொன்று இருந்தது. மூன்று பேரும் தரையைத் துடைப்பத்தால் கூட்டி, பாயை உதறித் தேடினோம். பலகை இடுக்கில் விழுந்து கடலுக்குப் போயிருக்கும் என்று அம்மா சொன்னார். அந்த வீட்டில் எத்தனையோ ஊசியும் காசும் அப்படிப் போயிருக்கின்றன.

காலையில் பூசாரி அம்மனுக்கு மாலையைச் சாத்தும்போது அவர் கட்டைவிரலில் முள் ஏறிவிட்டது. நல்ல மனிதர், கோபப்படவில்லை. விரலைச் சப்பிக்கொண்டு நின்றார் என்றார்கள். கோபம் தலைவருக்குத்தான். அவருக்கு அந்தக் கோயில் சொந்த வீடு மாதிரி. அதன் ஒவ்வொரு ஓட்டுக்கும் அலைந்து நன்கொடை வாங்கியவர், அதை நான் மறுக்கவில்லை. மாலைப் பூசைக்கு மாலையோடு பெண்ணையும் அழைத்து வா என்று ஆள் அனுப்பினார்.

அப்பா வேலையில் இருந்தார். நாங்கள் மூவரும் போனோம். அம்மா கையில் பூக்கூடை. கூழ் ஊற்ற வந்த பெண்கள் பாத்திரங்களோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"இதுமேல அடிச்சுச் சொல்லிட்டுப் போ. இனிமே தூண்டில் முள்ளத் தொடமாட்டேன்னு சொல்லு. உங்கம்மா எப்பவும்போலப் பூ கட்டட்டும். ஹாபிஸ், அதோட முடிஞ்சுது."

கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால் அது சத்தியம். அதை மீறுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று நாம் எல்லாரும் கதை கேட்டு வளர்ந்தவர்கள். சத்தியம் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். கூடை திரும்பி வரும், அதோடு அரிசியும் நிற்கும்.

"நாளைக்குக் காலைல தூண்டிலோட போகப் போறேன் மாமா," என்றாள் அக்கா. "அம்மன்கிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. மீன் கவிச்சி பட்ட கை, அம்மன் கழுத்துக்குப் போகும் பூவுக்குப் பக்கத்தில் இருக்கலாமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். சில பெண்கள் தலையாட்டினார்கள். உங்கள் அம்மாக்கள்தான்.

"புதன்கிழமை உங்க வீட்டுக்கு ஆறு செலார் குடுத்துவிட்டேனே மாமா. அது எந்தக் கை?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூணைப் பார்த்தார். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த மாலைத் துண்டை எடுத்து அக்கா கையில் போட்டார். பூசாரி அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். வாடிய அரளிக்கு நடுவே ரோஸ் இறகு. நிஜமாகவே இன்னொரு அரளி போலத்தான் இருந்தது. ஆனால் அது பூவுக்குள் விழுந்து சிக்கிக்கொண்டதல்ல. தண்டில் நார் இரண்டு வளையமாக ஏறி, ஒழுங்காக இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த மாலையைக் கட்டியது ஒரே ஒருவர்.

அக்காவுக்கு அது ஒரு நொடியில் புரிந்தது. அதுவரை பொரிந்துகொண்டிருந்த வாய் மூடிக்கொண்டது. எங்கம்மாவுக்குக் கண் தெரியல, அவங்கதான் கட்டினாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை.

"பேச்சக் காணோம்?" என்றார் தலைவர்.

"முள்ளு என்னோடதுதான்," என்றாள்.

நீங்கள் பார்த்தது அவ்வளவுதான். வாயாடிப் பெண் மாட்டிக்கொண்டாள் என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். ஆனால் அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டீர்கள்.

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தத் துண்டை வாங்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பிறகு விரலால் தடவினார். பிறகு, இதை நான் மட்டும்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அந்த முடிச்சைக் கீழ் உதட்டில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். அம்மாவுக்கு அப்போதே இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. மருத்துவமனையில் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. கண்ணும் போய்க்கொண்டிருந்தது, விரல் நுனியும் மரத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதே வியாதி வந்து, சட்டைப் பொத்தானை உதட்டில் வைத்து உணரத் தொடங்கிய பிறகுதான், அன்று அம்மா என்ன செய்தார் என்று எனக்குப் புரிந்தது.

"இது நான் கட்டினது," என்றார் அம்மா. "அரளின்னு நெனச்சுக் கட்டிட்டேண்ணே. கண்ணு சரியில்ல."

தலைவர் கெட்டவர் இல்லை. அவர் முகம் இளகியதை நானே பார்த்தேன். சரிம்மா, வயசாவுது, உன்னைக் குற்றம் சொல்லி என்ன செய்ய என்றார். இனிமேல் நீ ஓய்வெடு, பெண் கட்டட்டும், அவளுக்கு விரல் ஓடுகிறது, வருமானமும் வீட்டைவிட்டுப் போகாது என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. பிறகு கற்பூரத் தட்டைப் பார்த்தார். ஆனா அவ இதுக்கு மட்டும் சம்மதிக்கணும் என்றார்.

"அவ கட்டணும்னா, தூண்டில விடணுமா?" என்று கேட்டார் அம்மா.

"ஆமா லா. பின்ன?"

அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் தளர்ந்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால், அம்மாவுக்காக அவள் சரி என்று சொல்லியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளே பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டாள்.

அம்மா தட்டின் முன்னால் போய் எரியும் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். பெண்ணுக்குப் பதிலாகத் தாய் சத்தியம் செய்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். தலைவர் கைகூப்பக்கூடச் செய்தார்.

"எங்க வீட்டுப் பூ இனிமே இந்தக் கோயிலுக்கு வராது. என் கையாலயும் வராது, என் மக கையாலயும் வராது."

நெருப்பு அணைந்தது. மரத்துப்போன கை என்பதால் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கத் தெரியவில்லை. கற்பூர வாசத்தோடு இன்னொரு வாசமும் வந்தது. பூசாரிதான் ஓடிவந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். அம்மா அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவருக்கு அம்மன்மேல் எந்தக் கோபமும் இல்லை. அதற்குப் பிறகும் பத்தொன்பது ஆண்டுகள் வெள்ளி தவறாமல் அதே கோயிலுக்குப் போனார், வெறுங்கையோடு, வரிசையில் நின்று, எல்லாரையும்போல. செயலாளர் அவர்களே, எழுதுவதானால் அதை எழுதுங்கள். அக்காவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கெலுகோரில் கட்டிக்கொடுத்த பிறகும், இப்போது பாகான் டாலாமில் பேரன் வீட்டில் இருக்கும்போதும், எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களுக்கு மாலை கட்டினாள். அந்தக் கோயிலுக்கு ஒரு முழம் கட்டவில்லை.

அன்று சாயங்காலம் மூவரும் கூடையோடு திரும்பி நடந்தோம். குழாயடியில் அம்மாவின் கையை நனைத்து, அக்கா தாவணி முனையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். எனக்குப் பயம். இனிமேல் அரிசிக்கு என்ன செய்வது, அப்பாவிடம் என்ன சொல்வது, அந்தப் பூவை என்ன செய்வது என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். அக்கா அழுகிறாள் என்பது அவள் மூக்கை உறிஞ்சியதில்தான் தெரிந்தது. என்னாலதானேம்மா என்றாள். சும்மா வா என்றார் அம்மா.

எங்கள் வரிசையின் முனைக்கு வந்ததும் அம்மா நின்றார். கடல் பக்கமிருந்து சேற்று வாடை அடித்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் முகங்கள், எங்களைப் பார்த்துக்கொண்டு. அம்மா அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்.

"நாளைக்குத் தண்ணி எப்ப ஏறும்?"

"ஏழு மணிக்கும்மா."

"என்னையும் எழுப்பு."